இரும்பை வெட்டும், வெல்வெட்டை வெட்டாது

போன மாதம் நம் டிங்கர் ஆட்கள் கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி என்னை ஓரங்கட்டினார். கையில் போன். போனில் ஒரு மெஷின் படம். "அண்ணாச்சி, இந்த ஆடுத மெஷினு வாங்கலாமான்னு பாக்குதேன். கார் பாடி வேலைக்கு ஆவுமா, ஆவாதா?" என்று கேட்டார்.

"ஆவும்" என்று சொல்லிவிட்டு நான் வடையை எடுத்தேன்.

தம்பியின் முகம் வாடிவிட்டது. ஒரு கேள்விக்கு ஒரு மணி நேரம் பேசுகிற ஆள் ஒரே சொல்லோடு நிறுத்தினால் அதில் ஏதோ இருக்கிறது என்று நினைத்திருப்பார். இருக்கத்தான் செய்கிறது. அந்த மெஷினைப் பற்றி முழுதாகச் சொன்னால் என் மானம் போகும். ஆனால் பட்டறையைக் கைமாற்றிவிட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது. இனிமேல் மானத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறேன்? உங்கள் எல்லோருக்குமாக எழுதிவிடுகிறேன். டிங்கர் வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள், ஆனால் முழுசாகப் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. கையடக்கமான மெஷின் அது. முன்னால் சின்ன பிளேடு இருக்கும். அந்தப் பிளேடு சுற்றாது, இடம் வலமாக ஆடும். எவ்வளவு ஆடுகிறது என்று கண்ணால் பார்க்க முடியாது, அவ்வளவு கொஞ்சமாக, அவ்வளவு வேகமாக. கார் வேலைக்கென்றே செய்த அந்த மாதிரி ஒன்றை நான் முதலில் கையில் பிடித்தது எண்பதுகளின் பின்பாதியில். கடையநல்லூர்க்காரர் ஒருவர் வளைகுடாவிலிருந்து ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்தார். என்னத்துக்கு என்று அவருக்கே தெரியாது. "கடையில பாத்தேன், பெட்டி அழகா இருந்திச்சு, ஒங்க ஞாபகம் வந்திச்சு" என்றார். பட்டறையை விடுகிற வரைக்கும் அதை வைத்துத்தான் வேலை பார்த்தேன். ஆனால் தென்காசியில் ஆடுகிற மெஷினை ஒரு கார் மேல் முதன்முதலாக வைத்த பெருமையும் எனக்குத்தான். அது அதற்குப் பத்து வருஷம் முன்னால். அந்த மெஷின் என்னுடையது அல்ல, எலும்பு டாக்டருடையது.

எலும்பு டாக்டரிடம் நான் போன கதை சின்னது. ஒரு வேன் கூரையில் விழுந்திருந்த பள்ளத்தை எடுத்து முடித்திருந்தேன். வேலை முடிந்ததும் ஒரு அடி பின்னால் தள்ளி நின்று அழகு பார்ப்பது என் பழக்கம். அன்று நான் நின்றிருந்தது வேன் கூரை. இடது மணிக்கட்டு போயிற்று. ஆறு வாரம் மாவுக்கட்டு.

கட்டைப் பிரிக்கிற நாளில் கம்பவுண்டர் வந்தார். ஒல்லியான ஆள், படிய வாரிய தலை, நெற்றியில் ஒற்றைக் கோடாக விபூதி, பேச்சில் கஞ்சம். ஊரே அவரைக் கம்பவுண்டர் என்றுதான் கூப்பிட்டது, நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். கடைசிவரை பெயர் கேட்கவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் இந்தத் தொழிலில் எனக்குப் புத்தி சொன்னவர்கள் என்று எண்ணினால் அவர்தான் முதல் ஆள். அவர் வாழ்நாளில் ஒரு சுத்தியலைத் தொட்டதில்லை.

அவர் மெஷினை எடுத்து பிளக்கைச் சொருகினார். அது அலறியது. நானும் அலறினேன். வேன் கூரையிலிருந்து விழுந்தபோதுகூட நான் அப்படிக் கத்தவில்லை.

"கத்தாதீரும்வே" என்றார். "இது சுத்துத ரம்பம் இல்ல. ஆடுத ரம்பம்." சொல்லிவிட்டு, ஓடுகிற பிளேடைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். தோல் படபடவென்று நடுங்கியது. ஒரு கீறல் இல்லை. "தோலு அதுகூடச் சேந்து ஆடும். அதனால வெட்டாது. மாவுக்கட்டு ஆடாது, வெறைச்சுக்கிட்டு நிக்கும். அதனால வெட்டும். அம்புட்டுதான்."

பிறகு வேலையைத் தொடங்கினார். பிளேடை இழுக்கவில்லை. கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி வைத்தார், எடுத்தார், தள்ளி வைத்தார், எடுத்தார். நாலு புள்ளிக்கு ஒரு தடவை பிளேடை விரலால் தொட்டுச் சூடு பார்த்தார். ஐந்து நிமிஷத்தில் கட்டு இரண்டாகப் பிளந்தது, உள்ளே என் கை வெளுத்துப்போய்க் கிடந்தது. நான் கையைப் பார்க்கவே இல்லை. மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தேன். கெட்டியானதை வெட்டும், மெத்தென்று இருப்பதை வெட்டாது! அவர் சொன்னதில் என் காதில் ஏறியது அவ்வளவுதான். கூடச் சேர்ந்து ஆடுவதைப் பற்றி அவர் சொன்னது மற்றக் காது வழியாகப் போய்விட்டது.

அதற்கப்புறம் ஒரு மாதத்தில் சாரல் கட்டியது. குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் அண்ணாச்சி இருந்தார். அவரிடம் ஓர் அம்பாசடர். கல்யாணத்துக்கும், அருவிக்குக் குளிக்க வருகிற பெரிய மனிதர்களுக்கும் வாடகைக்கு விடுவார். மற்ற வண்டிகளுக்கு இல்லாத ஒரு சிறப்பு அதற்கு உண்டு. உட்புறம் முழுக்கச் சிவப்பு வெல்வெட். கதவு, கூரை, பின் சீட்டுக்குப் பக்கத்துத் தகடு, எல்லாவற்றிலும் பசை போட்டு ஒட்டி வைத்திருந்தார். உள்ளே ஏறினால் நகைப்பெட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். வருஷம் பூராவும் ஈரத்திலேயே நின்று நின்று, பின் சக்கரத்துக்கு மேலே பக்கத் தகடு துருப்பிடித்துப் பொத்தலாகிவிட்டது. வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"தம்பி, துருவ மட்டும் எடுத்திரணும். வெல்வெட்டுல ஒரு நூலு பிரியப்பிடாது. மதுரையிலேருந்து ஆளு வந்து ஒட்டினது, கேட்டீரா? தொட்டீருன்னா தெரிஞ்சிபோவும்."

நம் தொழிலில் இருக்கிற யாருக்கும் இதற்குப் பதில் தெரியும். வெல்வெட்டைப் பிரிக்க ஒத்துக்கொண்டால் வண்டியை விடுங்கள், இல்லாவிட்டால் எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். காஸ் வைத்து வெட்டினால் துணி கருகும். உளி வைத்தால் தகடு நெளியும். வெட்டிய பிறகு புதுத் தகட்டை வெல்வெட் பொசுங்காமல் எப்படி வெல்டு வைப்பது என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதை நான் யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது.

"கவலப்படாதீய அண்ணாச்சி. இரும்ப வெட்டும், வெல்வெட்ட வெட்டாது, அப்படி ஒரு மெஷினு இருக்கு" என்றேன்.

இருக்கிறது என்றுதானே சொன்னேன். யாரிடம் என்று அவர் கேட்கவில்லை.

சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு மதுரை போயிருந்தார், திங்கள்கிழமை காலையில்தான் வருவார். கம்பவுண்டர் மட்டும் உட்கார்ந்து பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தார். இது இரும்பை வெட்டுமா என்று கேட்டேன்.

"வெட்டாது" என்றார் உடனே. பஞ்சை உருட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, "தெரியல. யாரும் வச்சுப் பாத்ததில்ல" என்றார்.

அந்த முகம் எனக்குத் தெரியும். புதுக் கருவியைக் கண்ட டிங்கருக்கு வருகிற முகம் அது. பதினேழு வருஷமாக மாவுக்கட்டு ஒன்றையே வெட்டிக்கொண்டிருந்த மனிதருக்கு, இந்த மெஷின் இன்னும் என்னவெல்லாம் செய்யும் என்று தெரிந்துகொள்ள ஆசை இருக்காதா? நான் அந்த ஆசையைக் கொஞ்சம் ஊதிவிட்டேன். அரை மணி நேரத்தில் விழுந்தார். ஆனால் கண்டிப்பாகச் சொன்னார்: "மெஷினு எங்க போவுதோ அங்கன நானும் வருவேன். நான்தான் புடிப்பேன். சூடு கண்டா நிறுத்திரணும். டாக்டருக்குத் தெரிஞ்சா என் சோலி முடிஞ்சிரும்வே."

முடியத்தான் முடியும். அந்த டாக்டர் கைராசிக்காரர், நல்ல மனிதர், ஆனால் ஆஸ்பத்திரிப் பொருள் விஷயத்தில் எமன். காய்ச்சல் பார்க்கிற கண்ணாடிக் குச்சியை உடைத்ததற்காக ஓர் ஆளை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினவர். இது எனக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டேன். அதை ஒளிக்க விரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கம்பவுண்டர் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். மெஷினைப் பச்சைத் துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். கைக்குழந்தை என்று நினைத்துக் கண்டக்டரே ஓர் ஆளை எழுப்பிவிட்டு இடம் வாங்கிக் கொடுத்தாராம். வந்ததும் கை கழுவினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். துருப்பிடித்த இடத்தைச் சுற்றி ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார். பழக்கதோஷம். "இப்ப ஒரு சத்தம் வரும்" என்று வண்டியிடம் சொன்னாரோ என்றுகூட எனக்கு ஒரு சந்தேகம்.

வைத்தார், எடுத்தார், தள்ளி வைத்தார். பொய் சொல்லக்கூடாது, வெட்டியது. துருவேறி மெலிந்த தகட்டில் பிளேடு அழகாக இறங்கியது. நெளிவு இல்லை, பிசிறு இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன், வெல்வெட் அப்படியே இருந்தது. கால் மணி நேரத்தில் இரண்டு அங்குலம். எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் பத்து அங்குலம் பாக்கி இருந்தது.

இங்கேதான் என் குணத்தைச் சொல்ல வேண்டும். எனக்கு மெதுவாக நடக்கிற எதையும் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. பெண்டாட்டி இட்லிக்கு மாவு கரைப்பதைக்கூட பாத்திரத்தைப் பிடுங்கிக் கரைத்திருக்கிறேன். "இங்கன குடும்வே" என்று கம்பவுண்டர் கையிலிருந்து மெஷினை வாங்கினேன். வாங்கினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது.

பிளேடை வைத்து, உடம்பு பாரத்தைப் போட்டு, ஹாக்சா ரம்பம் மாதிரி இழுத்தேன். துரு முடிந்து நல்ல தகடு தொடங்குகிற இடம் அது. இரண்டு தகடு சேருகிற கெட்டி வேறு.

"பைய வே, பைய. நிறுத்தும்" என்றார் கம்பவுண்டர். நான் சிரித்தேன்.

புகை வந்தது. பிளேடு நீலம் பாரித்தது. "போதும், நிறுத்தும்வே" என்றார். இன்னும் கொஞ்சம்தான் என்றேன்.

மூன்றாவது தடவை அவர் சொன்னதை நான் முழுசாகக் கேட்கவில்லை. பிளேடு ஒரே குத்தாக உள்ளே இறங்கியது. அதே நேரத்தில் மெஷினுக்குள்ளிருந்து கருகிய வாடை வந்து, சத்தம் மெலிந்து, நின்றது.

நான் வண்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். வெல்வெட்டில் பாதி நிலா மாதிரி ஒரு வெட்டு. கம்பவுண்டரும் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "தகட்டோட இறுக்கி ஒட்டியிருக்குல்லா. அது எப்படி ஆடும்? அன்னைக்கே சொன்னேன்" என்றார். அவருக்கு அந்த நேரத்திலும் மெஷின் மேல் ஒரு குறை சொல்ல மனசு வரவில்லை.

வெல்வெட் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன். அந்த வெட்டின் மேல் பித்தளையில் ஒரு மயில் செய்து பதித்துவிட்டேன். லாட்ஜ் அண்ணாச்சி வந்து பார்த்தார். என் உயிர் என்னிடம் இல்லை. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அந்தப் பக்கம் ஏன்வே மயிலு இல்ல?" என்று கோபித்துக்கொண்டார். இன்னொரு மயில் செய்தேன். துருப்பிடித்த இடத்தை அப்போதைக்குப் பட்டி பூசி மூடிவிட்டு, மறு சீசனில்தான், வெல்வெட்டைப் பிரித்து, மரியாதையாக மாற்றினேன்.

ஆனால் அன்றைக்கு எனக்கு வெல்வெட் பெரிதாகப் படவில்லை. கம்பவுண்டர் மெஷினைப் பச்சைத் துணியில் மறுபடி சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றி முடித்து மடியில் வைத்துக்கொண்டு, "எனக்கு வேற வேல ஒண்ணும் தெரியாதுவே. இந்த வயசுல எங்கன போயி நிப்பேன்?" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவர் வீட்டுக்கு ஓடினோம். அவர் மெஷினை வாங்கி மூக்கில் வைத்து முகர்ந்தார். "எரிஞ்சிருக்கு. செவ்வாக்கிழம சாயங்காலம் தாரேன்" என்றார். கெஞ்சியும் ஒரு மணி நேரம் குறைக்கவில்லை.

திங்கள்கிழமை ஒன்பது மணிக்கு டாக்டர் வருவார். அன்றைக்கு ஒரே ஒரு கட்டுப் பிரிக்க வேண்டும், அடுத்தது புதன்கிழமைதான். அந்த ஒன்று மட்டும் டாக்டர் வருமுன் பிரிந்துவிட்டால், செவ்வாய் சாயங்காலம்வரை மெஷினை யாரும் தேட மாட்டார்கள். எதில் பிரிப்பது? "நான் தகடு வெட்டுத கத்திரி வச்சிருக்கேன்" என்றேன். கம்பவுண்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்குமேல் வழி இல்லை என்று அவருக்கும் தெரியும்.

கட்டுப் பிரிக்க வேண்டியவர் ஐந்தருவியில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். மலை மாதிரி ஆள். சீசனுக்கு முன்னால் இடம் சுத்தம் செய்யப்போய், தன் எண்ணெயிலேயே வழுக்கி விழுந்து வலது முன்கையை உடைத்துக்கொண்டவர். சாரல் தொடங்கி, கூட்டம் வந்து, பக்கத்து ஆட்களெல்லாம் தேய்த்துத் தள்ளிக்கொண்டிருக்க, இவர் ஒற்றைக் கையோடு உட்கார்ந்து வயிறெரிந்துகொண்டிருந்தார். ஏழு மணிக்கே வரலாம் என்று சொல்லியனுப்பியதும் ஆறே முக்காலுக்கு வந்து நின்றுவிட்டார்.

நான் போட்டிருந்தது பட்டறைப் பனியன். அதைப் பார்த்தால் ஆள் ஓடிவிடுவார் என்று கம்பவுண்டர் ஆணியில் தொங்கிய டாக்டர் கோட்டை எடுத்து எனக்கு மாட்டிவிட்டார். கோட்டுக் கை முழங்கையோடு நின்றது, பொத்தான் சேரவில்லை. கத்திரியை வெந்நீரில் கொதிக்கவைத்து ஸ்பிரிட்டில் முக்கினோம். அந்தக் கத்திரி அவ்வளவு சுத்தமாக அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

எண்ணெய்க்காரர் கையை நீட்டினார். என் முகத்தையே பார்த்தார். "ஒங்கள எங்கயோ பாத்திருக்கேனே சார்" என்றார்.

"கையப் பாரும்" என்றார் கம்பவுண்டர்.

நான் கட்டைப் பார்த்தேன். தம்பிகளா, நான் எத்தனையோ தகடு வெட்டியிருக்கிறேன். தகட்டை வெட்டுவதில் தப்பினால் பட்டி போட்டு மறைக்கலாம். இந்தக் கையில் என்னத்தைப் போட்டு மறைப்பது? அது அந்த மனிதருடைய வருஷச் சோறு. பக்கத்தில் நிற்கிற மனிதருடைய சோறும் அதே கையில்தான் தொங்கியது.

கத்திரியைக் கீழே வைத்தேன். கம்பவுண்டரிடம் ஒரு பிஸ்கட் டின்னிலிருந்து விரலகலத்துக்குத் தகடு நறுக்கித் தரச் சொல்லி வாங்கி, ஓரத்தை மடித்துத் தட்டி மழுக்கி, வாசலின் தடவினேன். கட்டுக்கும் தோலுக்கும் நடுவில் அந்தத் தகட்டைப் பைய நுழைத்தேன். இனி கத்திரியின் கீழ்வாய் எங்கே உரசினாலும் தகட்டில்தான் உரசும். கட்டின் மேல் ஒரு கோடு நெடுக வெந்நீர் ஊற்றி ஊறவைத்தேன். ஒரு கடி. தகட்டை ஒரு அங்குலம் தள்ளினேன். இன்னொரு கடி. கம்பவுண்டர் பக்கத்தில் குனிந்து நின்றார். "பைய" என்றார், நான் நிறுத்தினேன். "ம்" என்றார், நான் தொடங்கினேன்.

பாதி வெட்டியபோதுதான் எனக்கு உறைத்தது. இதே டின் தகட்டை நேற்று வெல்வெட்டுக்கும் இரும்புக்கும் நடுவில் நுழைத்திருந்தால்? பசையைக் கொஞ்சம் நெகிழ்த்தி நுழைக்க ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். அந்த ஐந்து நிமிஷத்தை நான் கொடுக்கவில்லை. அதனால்தான் அந்தத் தம்பிக்கு 'ஆவும்' என்று மட்டும் சொன்னேன். மெஷின் ஆகும். மெல்லிய தகடு, இடுக்கான இடம், சின்ன வெட்டு, இதற்கெல்லாம் அதை அடித்துக்கொள்ள வேறொன்று இல்லை. நீள வெட்டுக்கும் கெட்டித் தகட்டுக்கும் அதை எடுக்காதீர்கள், பிளேடுதான் தேயும். எதுவானாலும் தகட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு மெஷினைப் போடுங்கள். பாரம் போட்டு அமுக்கவே அமுக்காதீர்கள்.

கடைசிக் கடி. கட்டை இரண்டு கையாலும் விரித்தேன். எண்ணெய்க்காரர் கையை வெளியே எடுத்து, விரலை மடக்கினார், நீட்டினார். ஒரு கீறல் இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கப்படாமல் சொல்கிறேன்.

அப்போது செருப்புச் சத்தம் கேட்டது. ஒன்பது மணிக்கு வரவேண்டிய டாக்டர் எட்டே காலுக்கு வாசலில் நின்றார். முந்தின பஸ் கிடைத்துவிட்டதாம்.

டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். கையில் இருந்த கத்திரியைப் பார்த்தார். மேஜையில் மெஷின் இருக்கவேண்டிய காலி இடத்தைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துத்தான் எண்ணெய்க்காரருக்கு ஞாபகம் வந்தது. "ஆங்! நீரு குத்தால ரோட்டுல காரு தட்டுத ஆளுல்லா!" என்று சந்தோஷமாகக் கூவினார்.

ஓல்டேஜ் கூடி மெஷின் எரிந்துவிட்டது என்று சொல்வதாகக் கம்பவுண்டரும் நானும் பேசி வைத்திருந்தோம். கம்பவுண்டர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. பதினேழு வருஷத்தில் அவர் அந்த டாக்டரிடம் ஒரு பொய் சொன்னதில்லை போலிருக்கிறது, எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நின்றார். அதை என்னால் பார்க்க முடியவில்லை.

"மெஷின எரிச்சது நான்தான் சார். காரு வெட்டுததுக்கு நான்தான் கேட்டு வாங்குனேன்" என்றேன்.

"காரா?" என்றார் டாக்டர்.

"அம்பாசடரு சார்."

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். எண்ணெய்க்காரர் கையை வாங்கி, திருப்பி, அமுக்கி, விரலை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். நான் செய்த டின் தகட்டை எடுத்து அதன் ஓரத்தை விரலால் தடவினார்.

"கம்பவுண்டர் கூட இருந்தாரா?"

"இருந்தாரு சார்."

"நிறுத்தச் சொன்னாரா?"

"சொன்னாரு சார். மூணு தடவ சொன்னாரு."

"நீரு என்ன செஞ்சீரு?"

"அமுக்குனேன் சார்."

டாக்டர் தகட்டை மேஜையில் வைத்தார். "மெஷினு ஓடி நான் பாக்கணும். அதுவரைக்கும் நீரு இந்த வாசல்ல கால் வைக்கக்கூடாது. இப்ப என் கோட்டக் கழட்டும்" என்றார். கழற்றினேன். பட்டறைப் பனியனோடு, ஸ்பிரிட் வாடை அடிக்கிற கத்திரியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கம்பவுண்டர் சுவரோரம் ஒட்டி நின்றிருந்தார். டாக்டர் அவர் பக்கம் திரும்பவில்லை. கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டு, பொத்தானைப் போட்டு, மேஜையிலிருந்த மருந்துச் சீட்டுக்கட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"கம்பவுண்டர்" என்றார் தினமும் கூப்பிடுகிற அதே குரலில், "அடுத்த ஆளக் கூப்பிடும்."

கம்பவுண்டர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். மணி எட்டரைகூட ஆகவில்லை. வெளியே பெஞ்சில் ஒரு ஆள் இல்லை. அது அவருக்கும் தெரிந்தது. "அடுத்து யாரு, வாங்க!" என்று தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரிக் கூப்பிட்டார். இன்னொரு தடவையும் கூப்பிட்டார்.